இரண்டு கம்பி

காசிமேட்டில் எங்கள் ஐஸ் கம்பெனி கம்ப்யூட்டர்
முதலில் ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைத்தது.
தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கியதும்
நாலு நிமிஷம்.

ஒற்றை பீப். கறுப்பு. பிறகு
2002 ஜனவரி ஒன்று என்று தேதி காட்டும்,
வெட்கமே இல்லாமல்.
(அது வேறு நோய். வட்டப் பேட்டரி. முப்பது ரூபாய்.)

அமலோற்பவம் படகு, பன்னிரண்டு பார், கடன்
என்று அடித்து முடிப்பதற்குள் வரி போய்விடும்.
மூன்று நாளாய் அந்த ஒரு வரிதான் போகிறது.
படகுக்காரர் கஸ்பார் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு,
"மெஷினே வேணாங்குது, நீ ஏம்மா வம்பு பண்றே?"

ரிச்சி தெருவிலிருந்து வந்த இம்தியாஸ்
மூடியைத் திறந்தான், மூக்கைப் பொத்தினான்.
உள்ளே இருந்தது தூசி இல்லை,
செதிளும் உப்பும் சேர்ந்து பிடித்த அடை.
"போர்டு போச்சுக்கா. புதுசு போட்டுடுங்க."
புதுசில் எங்கள் கணக்கு புரோகிராம் ஓடாது.
எழுதிக் கொடுத்த ஆள் துபாய் போய்ப் பதினோரு வருஷம்.
முதலாளி தேசப்பன் என்னைப் பார்த்தார்.
நான் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன்.

பழைய பில்புக்கின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
10.40. கிரஷர் ஓடுகிறது. போச்சு.
11.05. கிரஷர் நிறுத்தம். அப்பவும் போச்சு.
அப்போ கரண்ட்டைத் திட்ட முடியாது.
11.30. விண்டோஸுக்குள்ளேயே விடாமல்
நீலத் திரையில் வெறுமனே உட்காரவைத்தேன்.
அங்கேயும் போச்சு. வைரஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ராமைக் கழற்றி, மகளின் பென்சில் ரப்பரால்
அதன் தங்கப் பல்லைத் தேய்த்தேன்.
ப்ராசஸர் மேல் பசை காய்ந்து உதிர்ந்தது.
சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன்,
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவுதான்.
கெபாசிட்டர் ஒன்றுகூட உப்பவில்லை.
பவர் சப்ளையை இம்தியாஸிடம் இரவல் வாங்கி மாட்டினேன்.
ஆறு நிமிஷம் ஓடியது.
ஆறு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.

சனி ராத்திரி, கடைசி லாரி போன பிறகு
போர்டை மொத்தமாய் வெளியே எடுத்து
இறால் அட்டைப்பெட்டி மேல் கிடத்தினேன்.
பொத்தான் இல்லை, விளக்கு இல்லை, மேலே தகரம் இல்லை.
இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டேன்.
ஃபேன் சுற்றியது.
எட்டு மணி. ஒன்பது.
பொட்டலம் பிரித்துப் பரோட்டா தின்றேன்,
கண்ணை அதிலிருந்து எடுக்காமல்.
பதினொன்று.
எப்போது தூங்கினேனோ,
ஏலச் சத்தத்தில் விழித்தபோது
அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, நோய் மூளையில் இல்லை.
பெட்டியில்.

முன்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
பச்சை விளக்கு, சரி.
சிவப்பு விளக்கு, சரி.
மூன்றாவது, நீலமும் வெள்ளையும் முறுக்கிய மெல்லிய ஜோடி.
செருகிய கையை எடுக்குமுன்
பீப்.

ரீசெட்.
நாங்கள் யாரும் தொட்டே இராத பொத்தான்.
அதன் ஸ்பிரிங்கில் கடல் ஏறியிருந்தது.
ஈரக்காற்று அடிக்கும்போதெல்லாம்
தன்னைத் தானே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது,
நாங்கள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது.

இரண்டு கம்பியையும் பிடுங்கி
டேப் சுற்றி ஓரமாய் மடக்கிவைத்தேன்.
செலவுக் கணக்கு: பேட்டரி முப்பது, பசை அறுபது,
இம்தியாஸுக்கு டீ. (அவன் பன்னும் சாப்பிட்டான்.)

திங்கள் காலை கஸ்பார்.
அமலோற்பவம். பன்னிரண்டு பார். கடன்.
என்டர்.
வரி நின்றது.

அவர் கொஞ்சநேரம் திரையையே பார்த்தார்.
பிறகு கவுன்ட்டருக்கு மேலாகக் கையை நீட்டி,
எங்கே கற்றுக்கொண்டாரோ,
அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினார்.
ஒருமுறை. அழுத்தி இன்னொருமுறை.

பிரின்ட்டர் கர்ரென்று பில்லைத் தள்ளியது.
தேதிகூடச் சரியாக இருந்தது.