ஒண்ணேகால் ரூபாய் அறை

கருங்கல் சந்தைக்குப் பின்னால்,
செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்.
தாசையன் ஐந்து பைகளை மேசையில் கவிழ்த்தார்:
நாகர்கோவில் இதய டாக்டரின் மஞ்சள் பை,
மார்த்தாண்டத்துச் சர்க்கரை டாக்டர் தந்த துணிப்பை,
புற்றுநோய்ப் பிரிவின் பழுப்புக் கவர்,
மூட்டுவலிக்கு யாரோ எழுதியது,
கடைசியில் ஒரு பிராந்திக் குப்பியில்
குலசேகரம் வைத்தியரின் கஷாயம்.
"இத மட்டும் எழுதாத பிள்ளே,
பெரிய டாக்டர் ஏசுவாரு."
எழுதினேன்.

ஒரு நாளைக்குப் பதினேழு மாத்திரை.
அதில் இரண்டு ஒரே மருந்து,
கம்பெனி வேறு, நிறம் வேறு.
இரண்டையும் விழுங்கிவிட்டு
ராத்திரி ஒண்ணுக்கு எழுந்தவர்
கதவைப் பிடிக்கப் போய்த் தரையைப் பிடித்தார்.
நெற்றியில் நாலு தையல்.
தையல் போட்டவர்கள்
தையலை மட்டும் எழுதியிருந்தார்கள்.

என் அடையாள அட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்றிருக்கும்.
எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார்.
"டைம் கீப்பர்னு சொல்லு.
வடசேரியில கூண்டுக்குள்ள இருப்பாரே.
அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது,
ஆனா அவரு ஒப்பு இல்லாம ஒரு வண்டியும் எடுக்காது."
முப்பத்தோரு வருடம் கண்டக்டர்.
அதைவிடச் சரியாக
யாரும் என் வேலையைச் சொன்னதில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து
மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார
பத்தொன்பது நொடி.
மூன்று மாதத்தில் ஆறு கிலோ போயிருக்கிறது.
மீன்குழம்பு கொதித்தாலே
எழுந்து முற்றத்துக்குப் போகிறார் என்றாள்
மனைவி ரெத்தினபாய், என்னிடம் அல்ல, ஜன்னலிடம்.
கடிகாரம் ஒன்று வரையச் சொன்னேன், மணி பதினொன்று பத்து.
முட்கள் சரியாக நின்றன.
"தேங்காப்பட்டணம் வண்டி" என்றார்.
"பால்ராஜ் ரெண்டு நிமிசம் முந்தியே எடுப்பான், திருடன்."
நினைவாற்றல்: குறையில்லை.

இதய டாக்டர், "புற்றுநோய்க்காரர்களைக் கேளுங்கள்."
புற்றுநோய்ப் பிரிவு, "இதயம் தாங்குமா, அவரைக் கேளுங்கள்."
சர்க்கரை டாக்டரின் போனில் பக்திப் பாட்டு, பிறகு வெறும் இரைச்சல்.
புதன் முழுக்க மழை, சிக்னல் இல்லை.
வியாழன் மதியம் இரண்டு மணிக்கு
நான்கு பேரையும் ஒரே அழைப்பில் பிடித்தேன்.
ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; அப்பளம் நொறுங்கியது கேட்டது.
ஏழு நிமிடம்.
ஆறு மாத்திரை போயிற்று, தூக்க மாத்திரையும் அதில் ஒன்று.
ஊசி மருந்து குறைந்த அளவில் தொடங்கும்,
உடம்பு தாங்குகிறதா பார்த்துக் கூட்டலாம்.
கஷாயத்துக்கு யாரும் ஏசவில்லை.
அதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது;
தெரியும்வரை குப்பி அலமாரியில்.

மறுநாள்தான் அவரைக் கேட்டேன்,
முதலில் கேட்டிருக்க வேண்டும்:
"உங்களுக்கு என்ன வேணும்?"
ரொம்ப நேரம் விரலால் மேசையில் கணக்குப் போட்டார்.
"பஸ்ல தனியா வந்து ஊசி போட்டு
பஸ்லயே தனியா போணும்.
ஆட்டோவில மடியில கிடத்திக் கொண்டு போவப்பிடாது."
"அதுக்கு முடியாத ஒரு நாள் வந்தா?"
"அன்னைக்கு நிப்பாட்டணும்.
ஒத்த விசில்."
ரெத்தினபாய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி, தேதி போட்டு,
இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த செவ்வாய் வந்தபோது
கையில் பைகள் இல்லை. பழைய தகர டிக்கெட் பெட்டி.
ஐம்பது பைசா அறையில் காலை மாத்திரை,
ஒரு ரூபாயில் மதியம்,
ஒண்ணேகால் ரூபாயில் ராத்திரிக்கு உள்ளது.
ஓர் அறை காலி.
"இது எதுக்கு?"
"சில்லறைக்கு."

ஊசி முடிந்து மூன்று மணிக்கு
நிறுத்தம் வரை கூடப் போனேன்.
முழங்கையைத் தாங்கக் கை நீட்டினேன்;
அதற்குள் கம்பியைப் பிடித்திருந்தார்.
ஒரு படி, கொஞ்சம் மூச்சு, அடுத்த படி.
கண்டக்டர் பையன் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் காத்திருந்தான்.

வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் நினைவு வந்தது,
கண் டாக்டரை நான் கூப்பிடவே இல்லை.