இடப்பக்கம் போன விளக்கு

இவெட்டின் பாதங்களை
அவள் கணவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
பதினான்கு வருடம் காலுறை மாற்றியவன் நான்.
நகமில்லாத விரல் நான்கு.
ஐந்தாவது நகம் வரும், போகும்.

ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் பால் லாரி ஓட்டுகிறேன்.
செப்டம்பரில் மட்டும் விடுப்பு:
மூன்று இரவு, ஆறு கணவாய்,
ஊருக்கு ஊர் பள்ளிக்கூட வராந்தாவில்
பிளாஸ்டிக் நாற்காலி, உப்புச் சூப், சோளக்களி.
வருவாள். உட்காருவாள். காலை நீட்டுவாள்.
ஊசி, நூல், வாசலைன், பவுடர்.
எத்தனாவது என்று கேட்கக் கூடாது,
கேட்டால் உதை.

முதல் ஒப்பந்தம் வந்த நாளில்
மலைக்குகைக் கிடங்கில்
சீஸ் வட்டுகளுக்கு உப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.
வருடத்துக்குப் பத்து ஜோடி ஷூ,
மேடையேறினால் பணம்.
"முத்திரை தெரியும்படி மூச்சு வாங்க வேண்டுமாம்,"
என்று சிரித்தாள்.
ஏறினாள்.
இரண்டாவது. இரண்டாவது. மூன்றாவது.
மறுபடி இரண்டாவது.

பிறகு அந்த மூடுபனி வருடம்.
ஜெயித்தாள்.
பள்ளத்தாக்கே மாட்டுமணியை ஆட்டியது.
ரொட்டிக்கடைக்காரர் கேக்கின் மேல்
அவள் முகத்தை வரைந்து கெடுத்தார்.

அடுத்த வருடம் நாலாவது பள்ளிக்கூடம், விடியற்காலை நாலு மணி.
தோலோடு ஒட்டிய காலுறையை நான் உரிக்கும்போது
சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"நேஜாவின் விளக்கை அன்று பார்த்தேன்.
கணவாய்க்குக் கீழே இடப்பக்கம் இறங்கியது.
பாதை வலப்பக்கம்.
கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.
மூச்சைச் செலவழிக்க மனசு வரவில்லை."

நேஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
இரண்டு மணி நேரம் பிந்தினாள், அவ்வளவுதான்.
மூன்றாம் படியிலிருந்து எட்டி
இவெட்டைக் கட்டிக்கொண்ட படம் இருக்கிறது.
முத்திரை நன்றாகத் தெரிகிறது.

மற்றக் காலுறையைப் போட்டுவிட்டேன்.
மடிப்பு விழாமல் இழுத்துவிட்டேன்.
வேறென்ன செய்ய.

அதன் பிறகு
எந்த விளக்கைக் கண்டாலும் கூப்பிட்டாள்.
சரியான பாதையில் போகிறவர்களை,
ஆட்டுப்பட்டியில் தொங்கும் பல்பை,
ஒருமுறை, நின்று, இரண்டு கையும் வாயில் குவித்து,
விடிவெள்ளியை.
நாலாவது வந்தாள். ஒன்பதாவது. பதினேழாவது.
கடிதத்தில் மூன்றே வரி,
நன்றி என்ற சொல் இரண்டு தடவை.
பழைய உப்புவாளி குகையில் அப்படியே இருந்தது.

இந்தச் செப்டம்பரில் அவள் பெயர் கொடுக்கவில்லை.
பழக்கத்தில் நான் விடுப்பு எடுத்துவிட்டேன்.
ராத்திரி லாரிப் படியில் உட்கார்ந்து
இருவரும் ரொட்டி தின்றோம்.
எதிர் மலையில் விளக்குகள்
ஒவ்வொன்றாய் இறங்கிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் நின்றது. தயங்கியது.
இடப்பக்கம் சாய்ந்தது.

இவெட் எழுந்தாள்.
கத்தினாள்.
ஊர் நாய்கள் அத்தனையும் குரைக்க
மறுபடி கத்தினாள்.

விளக்கு வலப்பக்கம் திரும்பியது.

அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது.
நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன்.