மீதி

பாத்தாம்பாங்கில், ஆற்றை ஒட்டிய பள்ளியில்
காலை ஏழு மணிக்கு
நெடுவகுத்தல் தொடங்குகிறேன்.
நாற்பத்தேழு பிள்ளைகள்.
ஈவு வரைக்கும் எழுதிவிட்டு
சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கிறேன்:
"மீதி சாயங்காலம்."

சாயங்காலம் என்றால் நாலரை மணி.
அதே அறை, அதே பெஞ்சு, அதே பல்லி.
மேசைமேல் ஒரு தகர டப்பா மட்டும் புதிது.
தலைக்கு ஐந்நூறு ரியல்.
விழும்போது சத்தம் வராது,
எங்கள் நாட்டில் சில்லறைகூடக் காகிதம்தான்.
அது ஒரு வசதி.

சம்பளம் பதினெட்டாம் தேதி வரை நடக்கும்,
அப்புறம் தவழும்.
சனிக்கிழமை மச்சினனின் மோட்டோவில்
மூங்கில் ரயில் பார்க்க வருகிறவர்களை
ஏற்றிப் போகிறேன். வாத்தியார் என்று சொல்வதில்லை,
சொன்னால் பேரம் பேச வாய் வராது.
பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டு போடுகிறோம்.
போன மாதம் எனக்கு விழுந்தது,
மாமியாரின் பல்லுக்குப் போனது.
இஸ்திரி போடாமல் சட்டையைப்
பாய்க்கு அடியில் வைத்துப் படுக்கிறேன்.
மின்சாரத்தில் மிச்சம் எவ்வளவு என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்;
போட்டிருக்கக் கூடாது.

அடுத்த வகுப்பு விச்செக்கா
இடைவேளையில் தன் பிள்ளைகளுக்கே
வாழையிலையில் மடித்த சோற்றுப் பணியாரம் விற்கிறாள்.
வாங்காத பிள்ளையை அவள் முறைப்பதில்லை.
அதற்காகவே அவள்மேல் எனக்கு மரியாதை.
நானும் முறைப்பதில்லை.
பாதியில் நிறுத்துகிறேன், அவ்வளவுதான்.

மாதத் தேர்வு.
இரவு, ஒற்றை விளக்கில், சிவப்பு மையோடு
அடுக்கைப் பிரித்தேன்.
முந்நூற்று அறுபத்தைந்தை ஏழால் வகு.
போவ் என்கிற சிறுமி,
கடைசி பெஞ்சு, சுவரோரம்,
சாயங்காலம் ஒருநாளும் வராதவள்,
ஈவு ஐம்பத்திரண்டு என்று
முத்து முத்தாக எழுதி
கீழே கோடு போட்டு
மீதி என்று எழுதி
அதற்கு எதிரே எழுதியிருந்தாள்:
சாயங்காலம்.

கேலி இல்லை.
கேலி செய்கிற கையெழுத்து எனக்குத் தெரியும்,
அது சாய்ந்து ஓடும்.
இது நிமிர்ந்து நின்றது.
பத்துக் கணக்கிலும் அதே விடை.
வகுத்தல் இப்படித்தான் முடியும் என்று
யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பேனாவை மூடினேன், திறந்தேன்.
தவறு போடக் கை வரவில்லை.
சரி போட்டால் யாருக்குப் போடுகிறேன்?
மனைவி புரண்டு படுத்து
"விளக்கு" என்றாள்.
அணைத்தேன்.

காலையில், ஏழு மணி வெளிச்சத்தில்
மீதியை எழுதினேன். ஒன்று.
அது எங்கிருந்து வருகிறது,
ஏன் அதை இனி ஏழால் பங்கிட முடியாது,
எல்லாம் சொன்னேன், மணி அடித்த பிறகும் சொன்னேன்.
சிலர் முகத்தில் ஏமாற்றம்:
நேற்றே காசு கொடுத்துக் கேட்டவர்கள்.
போவ் தலை குனிந்து
விடுவிடுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் சாயங்காலம்
பதினாலு பேர் வந்தார்கள்.
டப்பாவை நான் ஒளித்து வைக்கவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
விற்க ஒன்றும் மிச்சமில்லாததால்
அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.
பின்னம்.

ஜன்னலுக்கு வெளியே, மதிலோரம்
போவின் அம்மா அவித்த வாத்துமுட்டை விற்கிற இடம்.
அவள் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டுவது
இங்கிருந்து தெரியும்.
என் குரல் கொஞ்சம் உயர்ந்தது.
மேலே இருப்பது தொகுதி.
கீழே இருப்பது பகுதி.

முதல் பெஞ்சுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு
"ஏன் கத்துகிறீர்கள், குரு?" என்றான்.
"மழை வரும்போல் இருக்கிறது" என்றேன்.
எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.
ஒரு மேகமும் இல்லை.