பேரேட்டில் இல்லாத பக்கம்

குருநகரில் நண்டுச் சதை பிரிக்கும் கொம்பனிக்குக்
கணக்கு எழுதுகிறவன் நான்.
கார்த்திகையில் எமில்டா நாளொன்றுக்கு ஐந்து கிலோ.
மாசியில் மூன்றே கால்.
"மிச்சம் எங்கை போச்சு?" என்றார் முதலாளி,
நான் தின்றுவிட்டவன் போல.

பேரேட்டில் தேடினேன்.
ஐஸுக்கு ஒரு பக்கம், டீசலுக்கு ஒரு பக்கம்,
வாசல் பூனைக்குக்கூட மாதம் நானூறு.
மணிக்கட்டுக்குப் பக்கம் இல்லை.

மேசையடிக்குப் போனேன்.
நின்றபடி பதினாறு பேர், கழுத்தெல்லாம் ஒரே சாய்வு.
எமில்டா இடக்கையால் கத்தி பிடித்திருந்தாள்.
"வலது இரவிலை விறைக்குதண்ணை,
சீப்புப் பிடிக்க ஏலாது.
லீவு கேட்டா ஆளை மாத்துவியள்."

மாற்றியும் இருக்கிறோம். மூன்று பேரை.
புதியவள் பழகும் வரை சதையோடு ஓட்டுத் துண்டும் போகும்;
கொழும்பிலிருந்து திரும்பிய பெட்டிகள் நாற்பது.
அதை நான் "போக்குவரத்து" என்று எழுதியிருந்தேன்.

அன்றிரவு வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினேன்:
லீவு, ஓவர்டைம், அந்த நாற்பது.
கூட்டிப் பார்த்தால்
பதினாறு முக்காலி நாலு தரம் வாங்கலாம்.

முதலாளி நெடுநேரம் தாளைப் பார்த்தார்.
கையெழுத்து வைக்கக் குனிந்தவர்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர
ஒரு நிமிடம் எடுத்தார்.
இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

முக்காலிகள் வந்தன. உயரம் கூட.
கால்கள் அந்தரத்தில் தொங்கின.
தச்சரைக் கூப்பிட்டு மூன்று விரற்கடை அறுத்தோம்.
புதுப் பக்கத்தின் முதல் வரி:
அறுப்புக்கூலி, ஆயிரத்து இருநூறு.

எமில்டா இன்னும் இடக்கையால்தான்.
அவள் பெயருக்கு எதிரே
பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
மை தொட மனமில்லை.