ஆறாம் இடம்

கல் என்றே நினைத்து
புதிதாய் வருபவர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள்.
எலியோடோரோ ரம்பத்தால் அறுப்பார்.
உள்ளே, தக்காளியைவிடச் சிவப்பாய்,
குழிக்கு ஒன்றாய் நீர் பீய்ச்சிக்கொண்டு
பியூரே.

தும்பேஸ் துறையில் செவ்வாய்க்கிழமை காலை
நான்கு கிலோ வாங்குகிறாள் நொயெமி.
"எலுமிச்சை?" என்கிறாள் எர்சிலியா.
"தின்ன இல்லை, ஆய்வுக்கு."
"தின்னாமல் யாராவது நான்கு கிலோ வாங்குவார்களா?"
என்றாலும் பைக்குள் இரண்டு எலுமிச்சை விழுகிறது.

குஞ்சில் இதற்கு வால் உண்டு,
வாலுக்குள் தண்டுவடம்போல் ஒன்றும்.
பாறை கிடைத்ததும்
வாலைத் தானே செரித்துவிட்டு
உட்கார்ந்துவிடும், ஆயுளுக்கும்.
பிறகு உடுத்துவது மரத்தின் நார்.
வேறெந்த விலங்கும் நெய்யாத செல்லுலோஸை
இந்தக் குலம் மட்டும்
எங்கிருந்தோ கற்றுவந்து நெய்கிறது.
அதுவும் சர்க்கரைதான்,
நாக்குக்குத் தெரியாத சர்க்கரை.

நொயெமிக்கு அந்த ஆடையும் வேண்டாம்.
சதைக்குள் ஒளிந்த நீளச் சங்கிலி வேண்டும்:
இரண்டிரண்டாய்க் கோத்த சர்க்கரை,
ஜோடிக்கு ஜோடி
கந்தகத் தொங்கட்டான்.

அசிட்டோனில் கொழுப்பைக் கழுவி,
பப்பாளிப் பாலின் நொதியில்
அறுபது டிகிரியில் ஒருநாள் ஊறவைத்து,
சாராயம் ஊற்றினால்
குழாயின் அடியில் பஞ்சாய் இறங்குகிறது.
நான்கு கிலோவுக்கு
நாற்பது மில்லிகிராம்.
"இதற்காகவா என் மதிய உணவெல்லாம்
ஒரு வாரமாய் அயோடின் நாறியது?" என்கிறான் யெர்கோ.

எர்சிலியாவின் கணவருக்கு
இடது காலில் ரத்தம் உறைந்துவிட்டது.
ராத்திரிச் செய்தி தொடங்கும்போது
சட்டையைத் தூக்கி, வயிற்றைக் கிள்ளிப் பிடித்து,
பன்றிக் குடலிலிருந்து எடுத்த மருந்தைத்
தானே குத்திக்கொள்வார்.
"உன் சர்க்கரையில் அது இருந்தால் சொல்,
விலையை ஏற்றிவிடுகிறேன்."
நொயெமி சிரிக்கவில்லை.
ஓர் ஊசிக்கு எத்தனை பாறை என்று
மனசுக்குள் கணக்கு ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை.
பிளாஸ்மா, முப்பத்தேழு டிகிரி, கையில் கடிகாரம்.
ஒன்றும் சேர்க்காதது: பதினான்கு வினாடியில் உறைந்தது.
பன்றி மருந்து சேர்த்தது
அவள் தேநீர் குடித்து முடித்தும் தண்ணீராகவே.
பியூரே சேர்த்தது:
பதினான்கு.
மறுபடி பதினான்கு.
அளவை இரட்டித்தபோது பதினைந்து,
அந்த ஒன்று
அவள் கட்டைவிரலின் ஆசை.

கொன்செப்சியோனின் காந்த எந்திரத்துக்கு
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோன புட்டி
மூன்று வாரம் கழித்துச் சொன்னது.
சங்கிலி சரி. கோத்த விதம் சரி.
கந்தகம் மட்டும்
நான்காம் கரியில் இல்லை,
ஆறாம் கரியில்.

கடல் என்று எழுதப் போய்
லகரத்தின் புள்ளி டகரத்தின் தலையில் விழுந்தால்
கட்ல.
அதே மூன்றெழுத்து, அதே மை,
வாய் மட்டும் நின்றுவிடுகிறது.
ரத்தத்தின் புரதமும் அப்படித்தான்
தடவிப் பார்த்துவிட்டு
நகர்ந்துவிட்டது.

குறிப்பேட்டில் 'பிழை' என்று எழுதினாள்.
யாருடைய பிழை என்று யோசித்தாள்.
பியூரே என்ன,
எர்சிலியாவின் கணவருக்காகவா
இதைக் கோத்தது?
ஆறாம் இடத்தில் அதற்கு ஏதோ வேலை இருக்கும்.
என்ன வேலை என்று
கேட்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த செவ்வாய்.
"என்ன ஆயிற்று?"
"உறைகிறது."
எர்சிலியா ஒன்றும் பேசாமல்
கத்திமுனையில் ஒரு சிவப்பை எடுத்து
எலுமிச்சை பிழிந்து நீட்டினாள்.
கசப்பு, இரும்பு, பிறகு வெகுநேரம் கடல்.

"எலியோடோரோ,
உங்கள் படகின் அடியில் ஒட்டுமே, தோல் சுருங்கியது,
யாரும் தின்னாதது?"
"மாதாமாதம் சுரண்டி எறிவேனே, அந்தச் சனியனா?"
"அதுதான். எறியாதீர்கள்."
அவர் எர்சிலியாவைப் பார்த்தார்.
எர்சிலியா தராசைப் பார்த்தாள்.
"கிலோ என்ன விலைக்குக் கொடுப்பது?" என்றார்
வாளியைத் தேடிக்கொண்டே.