எண் போட்ட பலகைகள்

விவாகரத்தாகி நான்கு வருடம்.
கியூபாவில் தீர்ப்பு வாங்குவது சுலபம்,
வீடு வாங்குவதுதான் முடியாது.
ஆகவே இருந்த வீட்டை வகிர்ந்துகொண்டோம்.
குளிர்பெட்டி என் பக்கம்,
தண்ணீர் மோட்டார் அவன் பக்கம்,
நடுவே பதினோரு பைன் பலகைகள், கூரையைத் தொடாமல்.
லியோவிஹில்டோவின் இருமல் அந்த இடைவெளியில் வரும்,
என் பூண்டு வாசம் அதே வழியில் போகும்.
இந்த வரவு செலவுக்கு
யாரும் கணக்கு வைக்கவில்லை.

செவ்வாய் காலை ரேடியோவில்
புயலுக்குப் பெயர் சொன்னார்கள். பெண் பெயர்.
பலகைக்கு அப்பால் ஒரு சிரிப்பு கேட்டது.
நான் கறுப்பு பீன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

மதியம் துறையில் கடல் உள்வாங்கிவிட்டது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன,
பையன்கள் இறங்கி நண்டு பொறுக்கினார்கள்.
பதபானோவில் பிறந்தவர்களுக்குத் தெரியும்:
இப்படிப் போகிற கடல்
வட்டியோடு திரும்பும்.

வாளி, பிரஷர் குக்கர், தையல் மிஷினின் மூடி,
மகளைக் குளிப்பாட்டிய பழைய தொட்டி,
எதிலெல்லாம் தண்ணீர் நிற்குமோ அதிலெல்லாம் தண்ணீர்.
ரேஷன் புத்தகம் ஒரு பைக்குள்,
அந்தப் பை இன்னொரு பைக்குள்.
பன்றியைக் குளியலறையில் அடைத்தோம்.
டிசம்பரில் வெட்டப்போகிறோம் என்பதால்
அதற்குப் பெயர் வைக்கவில்லை;
கடலில் சுற்றுகிற காற்றுக்குக்கூட ஒன்று இருக்கிறது.

குளிர்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்ற
இரண்டு ஆள் வேண்டும்.
"உன் பக்கம் இறக்கு, இடல்மிஸ்" என்றான்.
உன் பக்கம்.
நான்கு வருடமாகச் சண்டைக்கு மட்டும் எடுத்த சொல்.

போன் அடித்தது. சியென்ஃபுவேகோஸிலிருந்து யுஸ்லேதி.
அப்பா எங்கே?
இங்கேதான், கூரை மேல்,
தகரத்துக்குக் கயிறு கட்டுகிறார்.
அம்மா, நீ யார் கூரையைச் சொல்கிறாய்?
லைன் கட்டாகிவிட்டது, அல்லது நான் கட் செய்தேன்.

மூன்று ஜன்னல்கள் பாக்கி.
ஊரில் ஒரு துண்டு மரம் கிடையாது.
அடுத்த வீட்டு ஒர்கீடியா
கட்டிலையே பிரித்து அடித்துவிட்டாள்.
நானும் அவனும்
ஒரே இடத்தைப் பார்த்தோம், பிறகு
வேறு வேறு இடத்தைப் பார்த்தோம்.
சுத்தியலை எடுத்தது நான்.

ஒவ்வொரு பலகையாக வந்தது.
அவன் பக்கத்தில் வெள்ளையடித்திருந்தான்.
எனக்குத் தெரியாது.
என் பக்கம் அப்படியே பச்சை மரம், காலண்டர் ஆணி.
தரையில் பலகை நின்ற கோடு,
இருவரும் பெருக்காத ஒரு விரல் அகலத் தூசி.
அதில் என் ஒற்றைத் தோடு,
அவனுடைய தூண்டில் முள்,
காய்ந்துபோன ஒரு பல்லி.

தையல் சுண்ணாம்பால்
பலகைகளுக்கு எண் போட்டேன்,
ஒன்று முதல் பதினொன்று வரை.
"எதற்கு?"
"திரும்ப அதே வரிசையில் நிறுத்த வேண்டாமா?"
ஒன்றும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து
வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தினான்,
ஒரு ஆணிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

இருட்டியதும் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
ஒரே அறை.
அங்கே அவன் கட்டில், இங்கே என் கட்டில்,
பன்றி கதவை முட்டுகிறது.
காற்று இன்னும் வரவில்லை,
வரப்போகிறவர்கள் தெருமுனையில் பேசிக்கொள்வதுபோல
ஒரு முணுமுணுப்பு மட்டும்.
இத்தனை வருடமாக இருமல் என்று நினைத்தது
இருமல் இல்லை; தூங்குவதற்கு முன்
தொண்டையைச் சரிசெய்கிறான்,
ஏதோ சொல்ல வருகிறவன்போல.

முதல் தூறல் பலகையில் விழுந்தது.
"லியோ, எண்கள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன?"
கட்டில் கிறீச்சிட்டது.
"வெளிப்பக்கம்."

நான் எழுந்து
மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.
நாளைக்கு வேண்டும், அது.