மீன் வாடை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.
கப்பலூர் சிட்கோவில், எங்கள் மெத்தைக் கம்பெனியில்
யாரோ மீன் கொண்டுவந்துவிட்டார்களாம்.

டப்பாக்களைத் திறக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.
புளிச்சோறு, சுரைக்காய்க் கூட்டு, மறுபடி புளிச்சோறு.
ஜெயந்திமேரியிடம் மட்டும் ஒரு அவித்த முட்டை.
அவளுக்கு ஏது புரட்டாசி,
இருந்தும் ஒரு திட்டு விழுந்தது.

ஒச்சம்மாள் டப்பாவைத் திறக்கவில்லை.
மூக்கு போன வழியே போனாள்:
தையல் மெஷின்கள், பஞ்சு மூட்டைகள்,
பின்கதவை மறைத்து அடுக்கிய ஃபோம் தட்டிகளுக்குள்
ஒருக்களித்து நுழைந்தாள்.
அந்தக் கதவுக்குப் பூட்டு இங்கே,
சாவி முதலாளியோடு வில்லாபுரத்தில்.

"இங்கனதான் நாறுது."

மெயின் போர்டின் மூடி ஓரத்தில்
கருகிய தோசை நிறத்தில் உப்பியிருந்தது.
முன்பு வேலை பார்த்த நூல் மில்லில்
இதே வாடை வந்த மறுநாள் மில் இல்லை
என்று பிறகு சொன்னாள்.
அப்போது சொல்ல நேரமில்லை.
கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

நாற்பத்துமூன்று மெஷின்களும்
பாதித் தையலில் நின்றன.
நான்குவழிச் சாலையில் லாரிகள் போவது
எனக்கு முதல்முறையாகக் கேட்டது.

தீபாவளி லோடை உன் அப்பனா அனுப்புவான்
என்று சூப்பர்வைசர் கத்தினார்.
தீயணைப்பான் எங்கே என்றாள்.
அதில் அவர் குடை தொங்கியது.
முள் சிவப்பில் படுத்திருந்தது.
வாளியில் மணலைவிட வெற்றிலைச் சக்கை அதிகம்.

திருமங்கலத்திலிருந்து மொக்கராசு
எக்ஸெல்லில் வந்து சேர மணி ஒன்றரை.
உள்ளே ஒரு திருகு தளர்ந்து,
வயர் வெந்து, செம்பு பல்லிளித்தது.
வெந்ததை வெட்டி, புது முனை சீவி,
அழுத்தி அரைச் சுற்று.
கூலி முந்நூறு, பிரேக்கர் தனி.

பதிவேட்டில் எழுதியது என் கைதான்.
பகல் 12.40 முதல் 2.10 வரை உற்பத்தி நிறுத்தம்.
நட்டம் இருபத்தேழு மெத்தை.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
மீன் வாடை என்றால் சிரிப்பார்கள்.
தீ என்று எழுத, தீ வரவில்லை.
வராததற்கு எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
மின்தடை என்று எழுதி மூடினேன்.

ஆறு மணிக்கு எல்லோரும்
செருப்பைத் தேடி, பஸ்ஸுக்கு ஓடி,
முட்டைக் கோபம் இன்னும் ஆறாத ஜெயந்திமேரி
யாரிடமும் பேசாமல்,
வந்தபடியே வீட்டுக்குப் போனார்கள்.
எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை.

திங்கட்கிழமை ஒச்சம்மாள் என் மேசைக்கு வந்தாள்.
பிடித்த ஒன்றரை மணிநேரச் சம்பளத்தைக்
கேட்கத்தான் வருகிறாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
"பின்கதவுச் சாவிக்கு இன்னொண்ணு அடிக்கணும்,
எழுவது ரூவா, நாங்களே பிரிச்சிட்டோம்.
மொதலாளிகிட்ட வாங்கி மட்டும் குடுங்க."
ஏழு பத்து ரூபாய் நாணயங்கள்,
அவள் கைச்சூட்டோடு.

இன்று வியாழன்.
காசு என் டிராயரில் இருக்கிறது.
இன்னும் கேட்கவில்லை.
ஃபோம் தட்டிகளை மட்டும்
காலையில் சீக்கிரம் வந்து நானே நகர்த்தினேன்.
அப்புறம், யாரும் பார்க்காதபோது,
போர்டருகே போய் மோந்து பார்த்தேன்.